ஒருவருக்கான புத்தகம்

தமிழில் விமரிசனம் எழுதுகிறவர்கள் கையில் எடுக்காமலே ஒதுக்கிவிடுகிற புத்தகங்களில் ஒரு வகை உண்டு. நாவல் அல்ல, கவிதை அல்ல, சரியான வைத்திய நூலும் அல்ல. வாங்கியவன் அலமாரியின் முன்வரிசையில் வைக்கமாட்டான்; ஆனால் பழைய பேப்பர்காரனிடம் போடவும் மாட்டான். பெட்டி டாட்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய ‘செக்ஸ் ஃபார் ஒன்’ அந்த வகை. 1974-ல் ‘லிபரேட்டிங் மாஸ்டர்பேஷன்’ என்ற தலைப்பில் தாமே சின்னப் பிரசுரமாக அச்சிட்டு விற்றதை விரித்து, 1987-ல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். விஷயம் சுய இன்பம். அதை அவர் குணப்படுத்தவேண்டிய நோயாகப் பார்க்கவில்லை. மன்னிக்கவேண்டிய பாவமாகவோ, போனால் போகிறதென்று சகித்துக்கொள்ளவேண்டிய பலவீனமாகவோகூடப் பார்க்கவில்லை. கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்றாகப் பார்க்கிறார். கச்சேரிக்கு முன்னால் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல. (உவமை என்னுடையது. அம்மையார் சங்கீதத்தை இதில் இழுக்கவில்லை.)

இதைப் பற்றியெல்லாம் ஒரு நாவலாசிரியன் எழுதவேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மனிதன் யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறான், செய்தபின் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறான் என்பதுதான் நாவலாசிரியனுடைய தொழில் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

இந்தப் புத்தகத்தைத் தனியாக வைத்துத் தரம் பார்க்க முடியாது. இது ஒரு பதில். எதற்குப் பதில் என்று தெரிந்தால்தான் இதிலுள்ள உரத்த குரலுக்குக் காரணம் விளங்கும். ஏறக்குறைய 1712-ஐ ஒட்டி லண்டனில் ‘ஒனானியா’ என்ற ஒரு சிறு நூல் வெளியாயிற்று. எழுதியவர் பெயர் போடவில்லை. தாமஸ் லாக்கர் என்ற சரித்திர ஆசிரியர் 2003-ல் எழுதிய ‘சாலிடரி செக்ஸ்’ என்ற விரிவான ஆராய்ச்சியில், ஜான் மார்ட்டன் என்ற போலி வைத்தியன் எழுதியதாக இருக்கவேண்டும் என்று சொல்கிறார். ‘தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்’ இந்தப் பாவத்தால் என்னென்ன நோய்கள் வரும் என்பதை நூல் அடுக்கிக்கொண்டே போகிறது. கடைசியில், இதற்கு மருந்து உண்டு, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று முடிகிறது. பலம் தரும் ஒரு கஷாயம், பிள்ளை பெறச் செய்யும் ஒரு சூரணம், இரண்டும் விலைக்கு. பதிப்புக்குப் பதிப்பு வாசகர் கடிதங்கள் சேர்ந்துகொண்டே போயின. நான் அழிந்தேன், நூலைப் படித்தேன், மருந்து சாப்பிட்டேன், பிழைத்தேன் என்று எழுதியவர்களின் கடிதங்கள். கதைக்கலை என்ற முறையில் மட்டும் பார்த்தால் இந்தக் கடிதப் பகுதி மகா கெட்டிக்காரத்தனமானது. படிக்கிற ஒவ்வொருவனும் தன் கதையை அதில் பார்த்துக்கொள்ள முடியும். ஏனென்றால் அது எல்லோருடைய கதையும்தான்.

தலைப்புக்குக் காரணமான ஓனானுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது ஒரு வேடிக்கை. ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். செத்துப்போன அண்ணன் மனைவியிடம் சேர்ந்தும், அவளுக்குப் பிள்ளை உண்டாகக்கூடாது என்று வித்தைத் தரையில் விட்டவன் அவன். குடும்பக் கடமையில் ஏமாற்றியதற்குத்தான் தண்டனை. அந்தப் பெயரைத் தூக்கி இந்தப் பழக்கத்துக்கு வைத்தது, சொத்துத் தகராறில் தோற்றவனைக் கொலைக்குற்றவாளி என்று பட்டியலில் எழுதிவிட்டதைப் போல.

போலி வைத்தியன் ஆரம்பித்ததை நல்ல வைத்தியர் ஒருவர் கௌரவப்படுத்தினார். லொஸான் நகரத்து டாக்டர் திஸ்ஸோ 1758-ல் லத்தீனிலும் 1760-ல் பிரெஞ்சிலும் எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ஓர் அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிட உடம்பை அதிகம் பலவீனப்படுத்தும் என்பது அதிலுள்ள கணக்கு. அடுத்த நூற்றாண்டில் கத்தியும் திராவகமும் வந்தன. லண்டன் டாக்டர் ஐஸக் பேக்கர் பிரௌன் பெண்களின் உறுப்பை வெட்டியே சிகிச்சை செய்தார். 1867-ல் அவரை மருத்துவச் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். காலை ஆகாரமாகச் சோளத் தகடு சாப்பிடச் சொல்லிக்கொடுத்த அமெரிக்க டாக்டர் கெல்லாக், பெண்களுக்குக் கார்பாலிக் அமிலம் தடவச் சொல்லி எழுதினார். இதையெல்லாம் எழுதியவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. ஊரார் நன்மைக்காகவே செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

நாற்பது அவுன்ஸ் என்றதும் தமிழ் வாசகருக்கு ஒரு பழைய ஞாபகம் வந்திருக்கும். நாற்பது துளி ரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து என்று நம் ஊரில் திண்ணைக்குத் திண்ணை சொல்லுவார்கள். திஸ்ஸோவைப் படித்துவிட்டுச் சொன்னவர்கள் அல்ல. தாதுக்கள் ஏழு என்றும், கடைசி தாது சுக்கிலம் என்றும் ஆயுர்வேதத்தில் இருப்பதுதான் அதற்கு வேர். வெள்ளைக்காரன் பயமும் நம் பயமும் தனித்தனி ஊற்றுகள். நாற்பதில் வந்து எப்படியோ கைகோத்துக்கொண்டன. தாது நஷ்டமாகிறது என்ற பயத்தாலேயே களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று படுத்துவிடுகிற ஆண்களைப் பார்த்து, டாக்டர் என். என். விக் 1960-ல் இதற்குத் ‘தாத்’ நோய் என்று பெயர் வைத்தார். நோய்க்குக் காரணம் செய்கை அல்ல, செய்கையைப் பற்றிய பயம். இந்தப் பழக்கத்தால் ரத்தம் குறைவதுமில்லை, நரம்பு தளருவதுமில்லை, பிள்ளை பிறக்காமல் போவதுமில்லை என்பதில் இன்றைய வைத்தியத்துக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் பைண்டிங் வேலை செய்துகொண்டிருந்த பையன் ஒருவன் 2009-ல் என்னிடம் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். என் புத்தகம் ஒன்றுக்கு அட்டை ஒட்டியவன் என்ற முறையில் பழக்கம். “அண்ணே, ஒரு விஷயம், தப்பா நினைக்கக்கூடாது” என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் வேறு என்னென்னவோ பேசினான். கடைசியில் விஷயம் வந்தது. மாதம் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் முகாம் போடுகிற வைத்தியர் ஒருவரிடம் எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறான். லேகியம் ஒரு டப்பா, தைலம் ஒரு குப்பி. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, சின்ன வயசுல தப்புப் பண்ணியிருக்கே” என்றாராம் அவர். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் பையனுக்கு ஆச்சரியம். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருந்தது. கல்யாணத்துக்குப் பார்த்திருந்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். “அந்தப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாதில்லண்ணே?” என்றான்.

ஒனானியாவின் கடிதப் பகுதியைப் படித்தபோது எனக்கு அவன் குரல்தான் கேட்டது. முந்நூறு வருஷமாக ஒரே கதை. மருந்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே நம் நாட்டில் சட்டம் வந்தாயிற்று. சுவரொட்டி ஒட்டுகிறவனுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியில் டாட்ஸனின் புத்தகத்தைத் திறந்தால் முதலில் தோன்றுவது, அறையின் ஜன்னலை யாரோ திறந்துவிட்டார்கள் என்பதுதான். அவர் டாக்டர் அல்ல, ஓவியர். கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டாவில் 1929-ல் பிறந்து, நியூயார்க்குக்கு வந்து ஓவியம் படித்து, கல்யாணம் செய்துகொண்டு, 1965-ல் விவாகரத்து பெற்றவர். 1968-ல் மனித உடல் சேர்க்கையையே பொருளாக வைத்துத் தனி ஓவியக் கண்காட்சி நடத்தினார். பிறகு பெண்களைச் சிறு குழுவாகக் கூட்டி, தங்கள் உடம்பைத் தாங்களே தெரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளைப் பல வருஷங்கள் நடத்தினார். 2020-ல் தொண்ணூற்றோரு வயதில் காலமானார். கின்ஸியின் ஆராய்ச்சி 1948-லும் 1953-லும் வெளிவந்து, ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர், பெண்களில் அறுபத்திரண்டு பேர் இதை அறிந்தவர்கள் என்று புள்ளிவிவரம் சொல்லிவிட்டது. ஆனால் புள்ளிவிவரம் யாருடைய வெட்கத்தையும் போக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘நான்’ என்று ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. டாட்ஸன் சொன்னார்.

புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், கண்ணாடிப் பகுதி என்று தயங்காமல் சொல்லுவேன். தம் அந்தரங்க உறுப்பு விகாரமானது, தம் பழக்கத்தாலேயே அது கோணிப்போய்விட்டது என்று சிறு வயதிலிருந்து நம்பி வந்தவர் அவர். உடற்கூறும் ஓவியமும் கற்றவர், எத்தனையோ நிர்வாண உருவங்களை வரைந்தவர், கல்யாணமாகிக் குடித்தனம் செய்தவர். முப்பது வயது தாண்டும்வரை அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார். வெளிச்சத்தில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்ற பயம். விவாகரத்துக்குப் பிறகு அவருடைய சிநேகிதர் ஒருவர், மட்டரகமான பத்திரிகைகள் சிலவற்றைக் கொண்டுவந்து, படங்களைக் காட்டி, உன்னைப்போல் எத்தனை பேர் பார் என்று சொல்கிறார். அவ்வளவுதான். இருபது வருஷத்துப் பாரம் ஒரு சாயங்காலத்தில் இறங்கிவிடுகிறது. இதை அவர் அலங்காரம் எதுவும் இல்லாமல் சொல்கிறார். ஒரு நல்ல சிறுகதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது: இருட்டில் வளர்த்த பொய், அதைக் காப்பாற்றச் செய்த தந்திரங்கள், எதிர்பாராத இடத்திலிருந்து வந்த விடுதலை. எந்தப் பத்திரிகையைப் பெண்களை இழிவுபடுத்துவது என்று எல்லோரும் ஒதுக்கினார்களோ, அதிலிருந்தே மருந்து வந்தது என்ற முரணை அவர் மழுப்பவில்லை. இது நேர்மையான எழுத்து.

அதற்கு அடுத்தபடி, சித்திரங்கள். தம்மிடம் வந்த பெண்களின் உறுப்பை அவர் கோட்டோவியங்களாக வரைந்திருக்கிறார். பரோக், காதிக், கிளாசிக்கல் என்று கட்டடக்கலையின் பெயர்களை வைத்து அவற்றின் விதங்களை விளையாட்டாகப் பிரிக்கிறார். ஹாஸ்யந்தான், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, எதுவும் விகாரம் இல்லை என்ற பாடத்தை நூறு பக்கம் எழுதினாலும் இவ்வளவு சுலபமாக ஏற்றியிருக்க முடியாது. 1973-ல் நியூயார்க்கில் நடந்த பெண்கள் மாநாடு ஒன்றில் இதே விஷயத்தைத் திரையில் படங்களாகக் காட்டியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கண்ணாடிக் கதையை அதுவரை மனசுக்குள் வைத்திருந்தார்களோ!

மற்ற பக்கங்களைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. நடுப்பகுதியில் ஒரு பிரசாரகரின் குரல் வந்துவிடுகிறது. சொன்னதையே சொல்லுகிறார். தன்னைத் தானே நேசித்தால் புருஷன் பெண்சாதி சண்டை தீரும், உடம்பு வலி தீரும், உலகத்தில் கோபதாபங்கூடக் குறையும் என்கிற அளவுக்குப் போகிறார். ஒனானியா எல்லா நோய்க்கும் இதுவே காரணம் என்றது. இவர் எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்கிறார். எதிர்க்கட்சியின் மேடையையே வாங்கித் தம் கொடியைக் கட்டியதுபோல் இருக்கிறது. இன்பம் இன்பமாக இருந்தால் போதாதா? அதற்கு உத்தியோகம் வேறு கொடுக்கவேண்டுமா?

இன்னொரு குறை, நம் ஊரில் இருந்து படித்தால்தான் கண்ணில் படும். தனி அறை, தாழ்ப்பாள், வெந்நீர், முழு உயரக் கண்ணாடி, மேசை விளக்கு, ஒரு மணி நேரம்: இவையெல்லாம் வாசகியிடம் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டே அவர் பாடம் நடத்துகிறார். ஒற்றை அறையில் மாமியார், நாத்தனார், இரண்டு குழந்தைகள் என்று படுத்திருக்கிற பெண்ணுக்கு முகம் பார்க்கவே கையகலக் கண்ணாடிதான் உண்டு. அதுவும் புருஷன் க்ஷவரம் செய்துகொள்வதற்காகச் சுவரில் மாட்டியது. அவளுக்கு வெட்கத்தைப் போக்குவதற்கு முன்னால் ஒரு கதவு வேண்டியிருக்கிறது. வெட்கம் வேறு, அந்தரங்கம் வேறு என்பதை டாட்ஸன் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கூட்டமாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் அவருடைய வகுப்பு முறை எத்தனையோ பெண்களுக்கு நன்மை செய்திருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கென்றே இருக்கிற காரியத்தை ஒருவருக்கே விட்டுவிடலாம் என்று நினைக்கிறவன் பத்தாம்பசலி ஆகிவிடமாட்டான்.

இலக்கியம் இந்த விஷயத்தை எப்படித் தொட்டிருக்கிறது என்று பார்த்தால், டாட்ஸனுடைய குரல் எவ்வளவு புதுசு என்பது தெரியும். ஜாய்ஸ் எழுதிய ‘யுலிஸீஸ்’ நாவலில் கடற்கரை அத்தியாயம் ஒன்று. கெர்ட்டி என்ற பெண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ப்ளூம் அவளைப் பார்த்துக்கொண்டே தனக்குள் தீர்த்துக்கொள்கிறான். 1920-ல் அதைப் பிரசுரித்த நியூயார்க் பத்திரிகையின் ஆசிரியைகள் மார்கரெட் ஆண்டர்ஸன், ஜேன் ஹீப் இருவரும் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, 1921-ல் தலைக்கு ஐம்பது டாலர் அபராதம் கட்டினார்கள். கேஸ் நடக்கும்போது, அந்தப் பகுதியை ஆண்டர்ஸன் அம்மையார் முன்னிலையில் படிக்க வேண்டாம் என்றாராம் ஒரு நீதிபதி. அதைப் பிரசுரித்ததே அவர்தான் என்று வக்கீல் சொல்ல, இதன் அர்த்தம் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது என்று பதில் வந்ததாம். பெண்ணுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வது; தெரிந்தாலும் தெரியாது என்று வைத்துக்கொள்வது. பிறகு 1969-ல் பிலிப் ராத்தின் ‘போர்ட்னாய்ஸ் கம்ப்ளெயிண்ட்’. ராத்துக்கு இது மகா பெரிய தமாஷ். குற்ற உணர்ச்சியைக் கிளறிக் கிளறிச் சிரிப்பு வரவழைக்கிறார். இரண்டும் உயர்ந்த கலை. டாட்ஸனை அவர்கள் பக்கத்தில் உட்காரவைக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் இருவர் கையிலும் இது ஆணுடைய ரகசியம். ஒன்றில் சோகை பிடித்தது, மற்றதில் கூத்தடிப்பது. குற்ற உணர்ச்சி இல்லாமலும் இதைப் பேசலாம், பெண்ணும் பேசலாம் என்பது அந்தக் கலைஞர்களிடமிருந்து வரவில்லை. தானே அச்சிட்டு விற்ற ஒரு பிரசுரத்திலிருந்துதான் வந்தது.

நம்மிடம்? நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் உடம்பின் தாபத்தைச் சொன்னதுபோல் வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு; அதைப் பக்தி என்று சொல்லி ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகச் சமாளித்துவிட்டோம். 2002-ல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுதிக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது பக்தி என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று, வசவு கிளம்பியது. ஒரு தலைப்புக்கே அந்தப் பாடு. ஆண்களையாவது நாம் பயமுறுத்தினோம். பயமுறுத்துவதற்காகவாவது விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். பெண்களுக்கு அதுகூட இல்லை, வெறும் மௌனம். பைண்டிங் பையனுக்கு ஏமாற்ற ஒரு வைத்தியராவது இருந்தார். அவன் வேண்டாம் என்று சொன்ன பெண் யாரிடம் எதைக் கேட்டிருப்பாள்?

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று சொன்னவர்கள் பட்ட கதை தெரிந்ததுதான். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜாஸ்லின் எல்டர்ஸ், 1994 டிஸம்பரில் ஒரு கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலாக, இது மனித இயல்பின் ஒரு பகுதி, பாடத்தில் சேர்க்கலாம் என்கிற ரீதியில் ஏதோ சொன்னார்; அந்த மாதமே கிளிண்டன் அவரைப் பதவியிலிருந்து போகச் சொல்லிவிட்டார். நம் நாட்டில் 2005-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் வேண்டாம் என்றன. அந்த வகுப்பு நடக்காத நேரத்திலும் லாட்ஜில் வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

டாட்ஸனைத் தமிழில் கொண்டுவரலாமா என்று ஒரு பிரசுரகர்த்தர் கேட்டார். முழுப் புத்தகமும் வேண்டாம் என்றேன். கண்ணாடிப் பகுதி, சித்திரங்கள், ஆண்களுக்கு அவர் நடத்திய குழுவைப் பற்றிய பக்கங்கள், தம் தாயாரோடு இது பற்றிப் பேசியதைச் சொல்லும் இடம். இவை ஒரு சிறு நூலுக்குப் போதும். கூடவே உடற்கூறு பற்றி ஒரு புது அத்தியாயத்தை யாராவது டாக்டரம்மாளிடம் எழுதி வாங்கவேண்டும். பெண்ணின் இன்பத்துக்கென்றே இருக்கிற அந்தச் சிறு உறுப்பின் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய டாக்டர் ஹெலன் ஓகானல் 1998-ல் தெளிவாக எடுத்துக்காட்டினார். டாட்ஸன் எழுதிய நாளில் அது பல பாடப் புத்தகங்களில் இல்லை.

கண்ணாடிப் பகுதியை மட்டும் நானே மொழிபெயர்த்துப் பார்த்தேன். இரண்டே பக்கம், பத்து நாளாயிற்று. ‘கரமைதுனம்’ என்றால் சாஸ்திரி பேசுகிறார். ‘கைப்பழக்கம்’ என்றால் சுவரொட்டிக்காரன் பேசுகிறான். ‘சுய இன்பம்’ பரவாயில்லை, பத்திரிகைக் கேள்வி பதிலின் வாடை கொஞ்சம் அடித்தாலும். உறுப்பின் பெயருக்கு வந்தபோதுதான் பேனா நின்றுவிட்டது. ஒரு பக்கம் அகராதிச் சொற்கள். எந்தப் பெண்ணும் தன்னைப் பற்றி நினைக்கும்போது உபயோகிக்காதவை. இன்னொரு பக்கம் தெருச் சண்டையில் வீசுகிற சொற்கள். எனக்குத் தெரிந்த நாலைந்து பெண்களிடம், இதைப் படித்த டீச்சர்கள் அவர்கள், நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டேன். மூன்று பேர் ‘அங்கே’ என்றார்கள். ஒருவர், “எங்க வீட்டுல அதுக்குப் பேரே கெடையாது சார்” என்றார். இப்போதைக்கு மொழிபெயர்ப்பில் அந்த இடத்தைக் கோடு போட்டு விட்டுவைத்திருக்கிறேன்.